பிரமிடுக்குள் போட்ட தூக்குக்குண்டு

உக்காருங்க தோழர். அதுல வேணாம், அது கால் ஆடும். இந்தப் பக்கம் வாங்க. ஊருக்கெல்லாம் மட்டம் பார்த்துக் குடுத்த மேஸ்திரி வீட்டுல நாலு காலும் தரையைத் தொடுற நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சிரிங்க, பரவாயில்லை. இன்னைக்கு சிரிக்கிறதுக்கு இன்னும் நெறைய வருது.

அந்த நோட்டைக் கொஞ்சம் மூடி வையுங்க. நம்ம கட்டடத் தொழிலாளர் சங்க ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதிட்டுப் போக வந்திருக்கீங்க, நாளைக்கு அச்சுக்குப் போகணும், எல்லாம் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனரும் பார்த்துட்டேன். 'பிரமிடுக்குள் தூக்குக்குண்டு போட்டுப் பார்த்த முதல் தமிழர், நம் சங்கத்தின் மூத்த மேஸ்திரி சோணைமுத்து அவர்களுக்குப் பாராட்டு விழா.' என் மூஞ்சியும் பிரமிடும் பக்கத்துல பக்கத்துல. ரெண்டுல என் மூஞ்சிதான் பெருசு.

விஷயம் என்னன்னா தோழர், நான் உள்ள போகலை.

ஆமா. எகிப்துக்குப் போனேன், அதுல பொய் இல்ல. பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்கு, வேணும்னா காட்டுறேன். பிரமிடு வாசலுக்கும் போனேன். வாசலுக்குள்ளயும் கொஞ்ச தூரம் போனேன். பாதியில திரும்பி வந்துட்டேன். ராசா அறைன்னு ஒண்ணு இருக்குல்ல நடுவயித்துல, எந்த அறைச் சுவத்துல நான் தூக்குக்குண்டு போட்டேன்னு நீங்க பேனர் அடிச்சிருக்கீங்களோ, அந்த அறையை நான் இந்தக் கண்ணால பார்க்கலை. இதை நீங்க எழுதுறதா எழுதாம விடுறதாங்கிறதை நான் முழுசா சொல்லி முடிச்சப்புறம் முடிவு பண்ணுங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. மேடையில அத்தனை கொத்தனாரு முன்னாடி பொய்யைச் சொல்றதா, இல்ல உண்மையைச் சொல்லி மானத்தை வாங்கிக்கிறதா, இதான் இப்ப என் பிரச்சினை.

முதல்ல இருந்து வர்றேன்.

எண்பத்தஞ்சுல எங்க சைட்டு கொட்டாயில ஒரு சிமெண்டு காலண்டர் தொங்குச்சு. அதுல பிரமிடு படம். எஞ்சினியர் ஒருத்தரு வந்தவரு, 'மேஸ்திரி, அந்தக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சவர பிளேடு நுழையாதாம்'னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான். அவரு அதோட மறந்திருப்பாரு. நான் பிடிச்சுக்கிட்டேன். அன்னைக்கிலிருந்து எவன் சுவரு வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னாலும் எனக்குப் பிரமிடுதான். 'டேய், அங்க ஒருத்தன் கட்டி வெச்சிருக்கான், நாலாயிரத்து ஐந்நூறு வருஷம், ஒரு நூல் பிசகலை, மயிரிழை விரிசல் கிடையாது. நீ நாலு நாளைக்கு முந்தி கட்டினது, அதுக்குள்ள நெறமாசக்காரி கணக்கா நிக்குது.' நான் என்னமோ அங்க போய்ப் பக்கத்துல நின்னு கலவை போட்டுட்டு வந்த மாதிரிதான் பேசுறது. பயலுக எனக்குப் பின்னாடி 'பிரமிடு வருது, பிரமிடு வருது'ன்னு பேசிக்கிருவாய்ங்க. எனக்கு அது தெரியும். உள்ளுக்குள்ள சந்தோஷமாவும் இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லிக்கிருவேன். 'முப்பத்தாறு வீடு கட்டியிருக்கேன், எந்த வீட்டுக்காரனும் விரிசல்னு சொல்லிக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னதில்லை.' அது நெசந்தான். ஒருத்தரும் வந்ததில்லை.

போன தை மாசம் எங்க மகன், கார்மேகம், குவைத்துல இருக்கான்ல, அவன் போன் போட்டான். 'அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் எகிப்து டூருக்குப் பதிஞ்சுட்டேன், பத்து நாள், நம்ம ஊரு சாப்பாடு, கூடவே சமையக்காரரு வர்றாரு'ன்னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்க வீட்டம்மா வெள்ளத்தாயிகிட்ட சொன்னேன். அவ, 'அங்க எதுக்கு, ராமேஸ்வரம் போலாம்ல'ன்னா. 'போடி இவளே, ராமேஸ்வரம் எங்க போகப் போகுது'ன்னேன். அப்புறம் அவளும் சரின்னுட்டா. எதுக்கும் அவ பெருசா மறுத்துப் பேச மாட்டா.

என் பழைய தூக்குக்குண்டு இருக்குல்ல, பித்தளை, எங்க மேஸ்திரி எனக்குக் குடுத்தது, அதைப் புளி போட்டுத் தேய்ச்சு, புது நூல் கட்டி, கைப்பையில போட்டுக்கிட்டேன். ராசா அறைச் சுவத்துல அதைப் போட்டுப் பார்க்கணும். அதுக்குத்தான் நான் போறதே. மத்தவங்க போட்டோ எடுக்கப் போறாங்க, நான் வேலையைச் சோதிக்கப் போறேன். ஏர்போர்ட்டுல மெஷின் கத்துச்சு. ஒரு பொண்ணு அதை எடுத்துத் தூக்கிப் பிடிச்சு, 'இது என்ன'ங்குது. சொன்னாப் புரியாதேன்னு பக்கத்துல இருந்த தூண்ல நூலைப் பிடிச்சுக் குண்டைத் தொங்கவிட்டு, நேரா நிக்குதான்னு பார்த்துக் காட்டினேன். தோழர், அந்தத் தூணு ரெண்டு நூல், கால் அங்குலம், வெளிய நிக்குது. 'ரெண்டு நூல் அவுட்டு'ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். துப்பாக்கி வெச்சிருந்த ரெண்டு பேரு வந்துட்டாய்ங்க. எந்த ஏர்போர்ட்டுன்னு கேக்காதீங்க. கடைசியில குண்டைப் பெட்டியில போடச் சொல்லி விட்டாய்ங்க. வெள்ளத்தாயி பெட்டியைத் திறந்து அவ சேலைக்கு நடுவுல சுத்தி வெச்சா.

அங்க போயி இறங்கினா, பிரமிடு ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு. நான் பாலைவனத்துல மூணு நாளு போகணும்னு நெனச்சிருந்தேன். எதுத்தாப்புல கோழிக்கறிக் கடை. பஸ்ஸை விட்டு இறங்கினோம், இருபத்திரண்டு பேரு, பாதிப் பேரு ரிட்டயர்டு ஆனவங்க. கிட்டக்கப் போகப் போக ஒவ்வொரு கல்லும் என் நெஞ்சு உசரம். என்னையறியாம ஷூவைக் கழட்டிட்டேன். நாம அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முதக் கல்லு வைக்கும்போது செருப்பைக் கழட்டுவோம்ல, அந்தப் பழக்கம். கழட்டிட்டு அடிக்கல்லைத் தொட்டுக் கும்பிட்டேன். நான் கும்பிட்டதைப் பார்த்துட்டு எங்க கூட வந்த ஒரு அம்மா, 'ஐயோ, இங்க கழட்டணுமா'ன்னு அவங்களும் கழட்டினாங்க. அவங்களைப் பார்த்து அடுத்தவரு. அஞ்சு நிமிஷத்துல பிரமிடு அடியில பதினெட்டு ஜோடி செருப்பு. வெள்ளைக்காரங்க நின்னு அதைப் போட்டோ எடுக்குறாங்க. டூர் மேனேஜர் கிருபாகரன் ஓடி வந்து தலையில அடிச்சுக்கிட்டாரு, 'ஐயா, இது கோயில் இல்லை, சமாதி'ன்னு. அதுக்குள்ள ஒட்டகக்காரன் ஒருத்தன் செருப்புக்கு காவலா உக்காந்துட்டான். எல்லாத்துக்கும் காரணம் நான்.

சரி, உள்ள போற கதைக்கு வர்றேன்.

முதல்ல குகை மாதிரி ஒரு வழி. அது பரவாயில்லை, நிமிந்து நடக்கலாம். அப்புறம் மேல ஏறுற சரிவு ஒண்ணு வருது. அகலம் ரெண்டு முழம், உசரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல. குனிஞ்சுக்கிட்டே ஏறணும், பலகை போட்டு குறுக்குச் சட்டம் அடிச்சிருக்காங்க. முன்னாடி போறவரோட பின்பக்கத்தைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. மேல இருந்து இறங்குறவங்களும் அதே வழிதான். வேக்காடு. நான் ஏழு மாடிக்குச் சாரம் கட்டி நின்னவன் தோழர். ஒத்தக் கயித்துல தொங்கி வெள்ளை அடிச்சவன். பயம்னா என்னன்னு தெரியாதுன்னு நம்ம சங்கத்துலயே எத்தனை தடவை பேசியிருக்கேன்.

பத்தடி ஏறினேன். அப்ப ஒரு நினைப்பு வந்துச்சு பாருங்க. மேல எத்தனை டன்னு இருக்கும்?

அங்கதான் கெட்டேன். மத்தவங்களுக்கு அது அதிசயம். எனக்கு அது லோடு. நம்ம தலைக்கு மேல ஒரு மலை கல்லு. யாரு கட்டினது? கொத்தனாரு கட்டினது. கொத்தனாரைப் பத்தி எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரன் அந்தப் பக்கம் திரும்பினா, இந்தப் பக்கம் சிமெண்டு குறையும். சனிக்கிழமை சாயங்காலம் கட்டின சுவருன்னா நான் பக்கத்துல படுக்க மாட்டேன். அவ்வளவு பெரிய கட்டடத்துல எத்தனை சனிக்கிழமை வந்திருக்கும்! ராசா என்ன ஒவ்வொரு கல்லா வந்து பார்த்திருப்பானா? நாப்பது வருஷமா அவனுகளை ஆகா ஓகோன்னு பேசுன நானு, அந்தப் பொந்துக்குள்ள குனிஞ்சு நின்னுக்கிட்டு அவனுகளை ஒருத்தனைக்கூட நம்பலை. கை காலெல்லாம் வேர்த்து, மூச்சு மேல பாதி கீழ பாதியா நிக்குது.

எனக்குப் பின்னாடி வெள்ளத்தாயி. 'ஏங்க, நகருங்க'ங்கிறா. 'ஏ புள்ள, எனக்கு ஆகலை'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ என் முதுகுல கையை வெச்சா. அந்த இருட்டுக்குள்ள எப்படியோ என்னை ஓரமா ஒதுங்கச் சொல்லி, 'மெதுவா இறங்கிருவீங்களா'ன்னா. 'இறங்கிருவேன், நீ போ'ன்னேன். 'நான் போயி என்னத்தப் பார்க்க?' குண்டை எடுத்து நீட்டினேன், 'இந்தா, இதைச் சுவத்துல போட்டுப் பாரு. போடத் தெரியுமில்ல?' 'தெரியும்'னா. மடியில குண்டைச் சொருகிக்கிட்டு என்னைத் தாண்டி ஏறிட்டா.

தெரியும்னு சொன்னாள்ல, தெரியும்தான். பதினேழு வயசுல எங்கிட்ட சித்தாளா வந்தவ அவ. அப்புறம்தான் கல்யாணம். முப்பத்தஞ்சு வருஷம் மண்ணு, செங்கல், கலவைச் சட்டி எல்லாம் தலையில சுமந்தவ. ஒரு தடவை, கார்மேகம் பிறக்குறதுக்கு முன்னாடி, 'எனக்கும் கொத்துக் கரண்டி பிடிச்சுப் பூசக் கத்துக் குடுங்களேன்'னா. 'நீ கரண்டியைப் பிடிச்சா கலவையை யாரு தூக்குவா'ன்னு சொன்னேன். சைட்டே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. அந்தக் காலத்துல நான் நல்லாத் தமாஷ் பண்ணுவேன்.

நான் இறங்கின கதையைக் கேட்டா உங்க வயிறு வலிக்கும். கீழ இருந்து ஒரு கூட்டம் மேல ஏறுது, நான் மேல இருந்து பின்பக்கமா இறங்குறேன். 'சாரி, சாரி'ன்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷைச் சொல்லிக்கிட்டு ஒவ்வொருத்தர் முழங்காலையும் தாண்டி வந்தேன். ஒரு வயசான வெள்ளைக்காரம்மா எனக்கு மாத்திரை குடுத்தாங்க. வெளிய வந்து வெயில்ல உக்காந்தப்புறம்தான் உசிரு வந்துச்சு. கிருபாகரன், 'என்ன ஐயா, அதுக்குள்ளயா'ன்னாரு. 'நமக்கு ஏறிப் பழக்கம்ல, முன்னாடியே போயிட்டு வந்துட்டேன்'னேன். பாருங்க தோழர், எவ்வளவு சுலபமா வந்துச்சு. அந்த ஒத்தப் பொய்தான் இன்னைக்கு உங்க பேனர்ல பத்தடிக்கு எட்டடி நிக்குது.

முக்கால் மணி நேரம் கழிச்சு வெள்ளத்தாயி வந்தா. சேலையெல்லாம் தூசி. நான் ஓடிப் போயி, 'எப்படி?'ன்னேன். 'நல்லா இருக்கு.' 'சுவத்துல போட்டியா?' 'போட்டேன்.' 'நூல்?' 'தொட்டும் தொடாம நின்னுச்சு.' எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு. நான் சொன்னது பொய்யாகலை! 'விரிசல்?'னேன். அவ காலைத் தட்டிக்கிட்டு, 'வாங்க, பஸ்ஸுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க'ன்னா. சரி, இல்லைன்னு எடுத்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் எட்டு நாளு போன இடமெல்லாம் கூரையில்லாத கோயிலு. அங்கெல்லாம் நான் சிங்கம். ஒவ்வொரு தூணுலயும் குண்டைப் போட்டு, கூட வந்தவங்களைச் சுத்தி நிக்க வெச்சு வகுப்பு எடுத்தேன். ஒரு தூண்ல காவக்காரன் விசில் ஊதினான், அதையும் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

ஊருக்கு வந்தப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். முதல்ல டீக்கடையில 'போயிட்டு வந்தேன்'னேன். ரெண்டாம் நாளு 'உள்ள போனேன்' ஆயிருச்சு. ஒரு வாரத்துல ராசா அறையில நான் மூணு பக்கம் குண்டு போட்டுட்டேன், நாலாவது பக்கம் போடும்போது காவலர் வந்து சலாம் வெச்சுட்டாரு. சொல்லச் சொல்ல எனக்கே அந்த அறை தெரிய ஆரம்பிச்சிருச்சு. வெள்ளத்தாயி பக்கத்துல இருக்கும்போதும் சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூட அவ இல்லைன்னு சொன்னதில்லை. அவ வாயைத் திறந்திருந்தா நான் நிறுத்தியிருப்பேன்ல? அவ மேலயும் தப்பு இருக்குல்ல? அப்படித்தான் போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

இப்ப, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

விழாவுக்குப் பேச்சைத் தயார் பண்ணணும்ல. பீரோக் கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டுப் பேசிப் பார்த்தேன். அவ கீழ உக்காந்து முருங்கைக் கீரை உருவிக்கிட்டு இருந்தா. நானும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுறேன். 'அன்பார்ந்த தோழர்களே! நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள்! அந்த அறையில் ஒரு நூல் பிசகு உண்டா? இல்லை! மேல்தளக் கல்லில் ஒரு மயிரிழை விரிசல் உண்டா?'

'அதை மட்டும் சொல்லாதீங்க'ன்னா.

'எதை?'

'விரிசல் இல்லைன்னு சொல்றதை. உள்ள போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சிரிப்பாங்க. மேல உத்தரக் கல்லுல விரிசல் இருக்கு. ஒண்ணு இல்ல, வரிசையா இருக்கு. ஒரு ஓரமாப் பூராவும் ஓடுது.'

நான் கட்டில்ல உக்காந்துட்டேன். 'ஏன்டி அன்னைக்கே சொல்லலை?'

'அன்னைக்கு நீங்க வெயில்ல உக்காந்திருந்த கோலத்தைப் பார்த்தா சொல்ல மனசு வரலை. நாப்பது வருஷமா அதைச் சொல்லிச் சொல்லி வேலை வாங்கினீங்க. அதையும் எதுக்குப் பிடுங்குவானேன்'ன்னா. கீரையை உருவுறதை நிறுத்தவே இல்ல. அப்புறம் அவளா சொன்னா, 'அந்த விரிசல்ல பூச்சு இருக்குங்க. பழைய பூச்சு. கட்டின காலத்துலயே பூசியிருப்பாங்க போல. கைடும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு, எங்க கூட வந்தவங்க எனக்குச் சொன்னாங்க. அவரு சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும். அது கொத்தனாரு நிதானமாப் போட்ட பூச்சு இல்ல. வீட்டுக்காரன் வர்றதுக்குள்ள அவசர அவசரமா கையால அப்புன பூச்சு.'

'உனக்கு எப்படித் தெரியும்?'

என்னை நிமிந்து பார்த்தா தோழர். 'எனக்குத் தெரியாதா'ன்னா.

அவ பிரமிடைச் சொல்லலை, என் வேலையைச் சொல்றான்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. 'எந்த வீட்டுல?'ன்னேன்.

'எந்த வீட்டுலன்னு கேட்டா? முதல்ல காளவாசல் ஐயர் வீடு. மாடி ஏறுற இடத்துல விரிசல். வெள்ளை அடிக்கிறதுக்கு முந்தின நாளு பார்த்தேன். நீங்க அடுத்த சைட்டுக்கு அட்வான்ஸ் வாங்கப் போயிட்டீங்க. மிச்சம் இருந்த கலவையை எடுத்து நானே கொத்தி விட்டுப் பூசிட்டேன். அது நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முந்தி நீங்க கட்டின வீட்டையெல்லாம் ஒரு நடை நடந்து பார்த்துட்டு வருவேன். அந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு எல்லாம் என்னைத் தெரியும். வீட்டுக்காரரு ஆபீசுக்குப் போனப்புறம் வரச் சொல்லுவாங்க. ஒரு காபி குடுப்பாங்க. அரை மணி நேர வேலை.'

தோழர், புரட்டாசி மாசமானா அவ தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு காலையில கிளம்பிருவா. நானும் 'போயிட்டு வா'ம்பேன். வரும்போது சேலையில சுண்ணாம்பு இருக்கும். அவ தங்கச்சி வீட்டுல எதுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்புன்னு நான் ஒரு தடவை கேக்கலை. சுவரு ஒரு நூல் வெளிய போனா கண்டுபிடிக்கிறவன் நான்.

முப்பத்தாறு வீட்டுல எந்த வீட்டுக்காரனும் என் வாசலுக்கு வரலைன்னு சொன்னேன்ல? வரலை. அவ முன்னாடியே அவங்க வாசலுக்குப் போயிட்டா.

எனக்குக் கோபம் வந்துச்சு. ஆமா, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், முதல்ல கோபம்தான் வந்துச்சு. 'என் வேலையில குறை இருக்குன்னு எங்கிட்ட சொல்லாம ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்க'ன்னு கத்தினேன். அவ அடுத்த கொத்தை எடுத்துக் கீரையை உருவினா. கத்தி முடிச்சப்புறம் எனக்கே கேவலமா இருந்துச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணு கேட்டேன். இதை எழுதணும்னா எழுதுங்க. 'மேல விரிசலைப் பார்த்தியே, நீ அதுக்கு அடியில எவ்வளவு நேரம் நின்ன?'

'குண்டு ஆடாம நிக்கணும்ல. ஒரு கால் மணி நேரம் இருக்கும்.'

'பயமா இல்லையா உனக்கு?'

'எதுக்குப் பயம்? அதைப் பூசினவளும் அதுக்கு அடியிலதான நின்னிருப்பா'ன்னா.

பூசினவன்னு சொல்லலை தோழர். பூசினவள்னு சொன்னா. அது உண்மையா இல்லையான்னு எந்தப் படிச்சவனுக்கும் தெரியாது, கைடுக்கும் தெரியாது. அவ அந்தப் பூச்சைப் பார்த்து அப்படி நெனச்சுக்கிட்டா. நாலாயிரத்து ஐந்நூறு வருஷமா அந்தக் கல்லுக்கு அடியில வந்து நின்னவங்கள்ல, வேலை தெரிஞ்ச ஒருத்தி போயி நின்னிருக்கா. நான் வெளிய செருப்புக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. கரண்டி கேட்டவளைச் சிரிச்சு அனுப்பினது நானு. அந்தச் சிரிப்பு இப்பத்தான் எனக்குக் காதுல கேக்குது. தமாஷ் பண்ணுவேன்னு கொஞ்சம் முன்னாடி உங்ககிட்டயும் பெருமையாச் சொன்னேன் பாருங்க, அது பழக்கதோஷம்.

காலையில எந்திரிச்சு, 'விழாவுக்கு நீ வந்து பேசுறியா, நான் உக்காந்துக்கிறேன்'னேன். 'எனக்கு வேலை இருக்கு'ன்னா. 'என்ன வேலை?' 'மழை வர்றதுக்குள்ள தாசில்தார் வீட்டு மாடிக்குப் போகணும். கைப்பிடிச் சுவருக்கு அடியில விரிசல் விட்டுருக்கு.'

தாசில்தார் வீடு! தோழர், நான் கட்டினதுலயே நல்ல வீடு அது. அதைக் காட்டித்தான் பாதி வேலை பிடிச்சேன்.

நேத்து நானும் கூடப் போனேன். முட்டி வலிக்கும், வேணாம்னா. கேக்கலை. சிமெண்டுச் சட்டியை நான் தூக்கிட்டு மூணு மாடி ஏறினேன். சட்டி எவ்வளவு கனம்னு எனக்கு மறந்தே போச்சு. இல்ல, மறக்கலை, எனக்குத் தெரியவே தெரியாது. தாசில்தார் வீட்டம்மா என்னைப் பார்த்துட்டு உள்ள ஓடிட்டாங்க, ரகசியம் வெளிய போயிருச்சேன்னு. இவ விரிசலைக் கொத்திவிட்டு, தண்ணி தெளிச்சு, கரண்டியை எடுத்துப் பூசினா. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். நல்ல கை. எங்கிட்ட வேலை பழகினவன் ஒருத்தனுக்கும் அந்தக் கை வரலை. எனக்கே வரலை. வாயைத் திறந்து அதைச் சொன்னேன். 'கலவை காயுது, கொண்டாங்க'ன்னா.

சரி, இப்ப நோட்டைத் திறங்க.

நான் பாதியில திரும்பிட்டேன்னு எழுதுங்க. லோடுக்குப் பயந்துக்கிட்டுன்னு எழுதுங்க, பயலுக சிரிக்கட்டும். குண்டு போட்டது வெள்ளத்தாயின்னு எழுதுங்க. விரிசலைப் பத்தி எழுதுறது உங்க இஷ்டம். தாசில்தார் வீட்டை மட்டும் எழுதாதீங்க, அந்தம்மா பாவம். பேனரை இனிமே மாத்த முடியாது, செலவு பண்ணிட்டீங்க, அதுவும் தெரியும். மேடையில நானே சொல்லிக்கிறேன்.

அது இருக்கட்டும். இந்தாங்க, இது அவளோட சங்க அட்டை. பாருங்க, தொழில்னு போட்ட இடத்துல சித்தாள்னு இருக்கு. ஆரம்பத்துல நாந்தான் பூர்த்தி பண்ணி கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். வருஷா வருஷம் நாந்தான் புதுப்பிச்சேன். அதைக் கொத்தனாருன்னு மாத்தணும். அதுக்கு என்ன ஃபாரம்? அவளுக்கு அறுபத்தொரு வயசாயிருச்சு, இனிமே மாத்தி என்னத்துக்குன்னு கேப்பீங்க. அவளும் அதையேதான் கேப்பா. பரவாயில்லை தோழர், பையில ஃபாரம் இருந்தாக் குடுங்க, சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்.